திருவேல் டிவிஷன்

இங்கிலாந்திலிருந்து ஒரு காகிதம்.
பீருமேட்டுத் தபாலாபீசில்
அதைப் படித்துச் சொல்வது என் தலையில் விழுந்தது.

த்ரெல்வெல் என்றொரு குடும்பப்பேராம்.
அடிமைகள் நீர் மொண்ட ஊற்று என்று பொருளாம்.
(இந்த வரியை மூக்காண்டிக்கு நான் வாசிக்கவில்லை.)
மிச்சம் பதினோரு ஆள், ஒரே பள்ளத்தாக்கில்.
வரைபடத்தில் சிவப்பு மையால் குத்தியிருக்கிறாள்
அம்மைத் தழும்பு மாதிரி.
கடல் தாண்டி இங்கே ஒரே ஒரு புள்ளி,
பக்கத்தில் கேள்விக்குறி.

கல்லறைத் தோட்டத்தில் பாசி சுரண்டினேன்.
ஆல்பர்ட் த்ரெல்வெல், காய்ச்சல், முப்பத்திரண்டு வயது.
வாரிசு கிடையாது.
அட்டை மட்டும் இரண்டு ஏறியது காலில்.

அப்புறம்தான் வாக்காளர் பட்டியல் ஞாபகம் வந்தது.
வீட்டுப்பேர் இல்லாமல் எந்தப் பாரமும்
இந்த மாநிலத்தில் நகராது.
லயத்துக்காரனுக்கு ஏது வீட்டுப்பேர்?
எழுத வந்த குரியாக்கோஸ் மழைக்கு முன்னே
மலையிறங்கும் அவசரத்தில்
டிவிஷன் பேரையே போட்டுவிட்டான்:
திருவேல் இசக்கியம்மாள்
திருவேல் மூக்காண்டி
திருவேல் சொர்ணக்கிளி
நூற்று எண்பத்தாறு வரை.
முருகன் பேர்தானே என்று
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பதில் எழுதினேன்:
அம்மணி, உங்கள் படம் தப்பு.
நெருக்கிக் குத்தவேண்டியது இங்கே.
மை கூடுதலாக வேண்டியிருக்கும்.

ஒட்டிய பிறகு உறையைப் பிரித்து
இன்னொன்றும் சேர்த்தேன்:
மூக்காண்டி மகள் பொன்மாரி
போன மாசம் லீட்ஸில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள்.
பாஸ்போர்ட்டில் அதே குடும்பப்பேர்.
உங்கள் பதினொன்றைப்
பன்னிரண்டாகத் திருத்திக்கொள்ளவும்.
எழுத்துக்கூட்டல் கொஞ்சம் மாறியிருக்கும்.