கூட்டினால் எட்டு

தோட்டப்பாளையத்தில் வரப்போகும் லாட்ஜுக்கு
மாடிக்கு இருபத்து நாலு, நாலு மாடி,
தொண்ணூற்றாறு அறை.
சத்துவாச்சாரியில், பேக்கரிக்கு மேலே,
பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தேன்.
தரை: டைல்ஸ், இரண்டுக்கு இரண்டு.
சுவர்: பட்டி பார்த்து எமல்ஷன், வெளிர் மஞ்சள்.
சீலிங்: வெறும் வெள்ளை.
ஆட்கள்: இரண்டு.
தரை: டைல்ஸ், இரண்டுக்கு இரண்டு.
முப்பதாவது அறையில் கண் மசங்கி
வெளிர்மஞ்சள் என்று சேர்த்து அடித்துவிட்டேன்.
ஒரு இடைவெளி போனதற்கே
கணினி அதை வேறொரு நிறமாக எண்ணி வைத்திருந்தது.

அஸ்மத் எஸ்டிமேட் போடுகிறவன்,
என்னைவிட மூன்று வயது சின்னவன், வாய் மட்டும் பெரிசு.
"கல்யாணத்துக்கு ஆளுக்கொரு குக்கரா வைக்கற?
அண்டா இன்னாத்துக்கு இருக்கு?"

அண்டா என்றால் சாவி.
மென்பொருளில் அந்தப் பட்டியலுக்குப் பெயரே அதுதான்.
இருவர் அறை என்று அதில் ஒரே ஒரு வரி எழுதி,
தரை சுவர் சீலிங் ஆட்கள் எல்லாவற்றையும்
அதன் மடியில் கட்டிவிட்டு,
அறைக்கு நேரே அந்தப் பெயரை மட்டும் தொட்டால் போதும்.
மிச்சக் கட்டங்கள் தாமே நிரம்புகின்றன,
எப்போதாவது தண்ணீர் வரும் வருஷத்தில்
பாலாற்று மணல் குழிகள்
ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து நிரம்புவதுபோல.

பதினொரு மணிக்கு முடித்துவிட்டேன்.
பன்னிரண்டுக்கு முனிரத்தினம் வந்தார், லாட்ஜின் முதலாளி.
கண்ணாடியைத் துடைத்து, திரையில் விரல் வைத்து,
நூற்றி ஏழைக் கூட்டினார்.
"கூட்டினா எட்டு வரக்கூடாதும்மா.
அந்த ரூமு சாவி ஆணியிலயே தொங்கிகினு கிடக்கும்."

நூற்றி ஏழு. நூற்றிப் பதினாறு. இருநூற்றி ஆறு.
முந்நூற்றி ஐந்து. நானூற்றி நாலு.
மாடிக்கு மூன்று எண் உதிர்ந்தன.
ஈடுகட்ட இருபத்தேழு வரை வரிசையை நீட்டினேன்.
உதிர்ந்தவை வரைபடத்தை விட்டுப் போயின,
பட்டியலை விட்டுப் போகவில்லை.
டைல்ஸ் இருந்தது, மஞ்சள் இருந்தது, ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.
பரப்பளவு என்ற கட்டத்தில் மட்டும்
வைக்கப்படவில்லை
என்று வந்தது, பன்னிரண்டு முறை.

மாலையில் அளவு சரிபார்க்க மனைக்குப் போனோம்.
பக்கத்திலேயே அவருடைய பழைய லாட்ஜ்.
தமிழுக்குக் கீழே வங்காளத்திலும் எழுதிய போர்டு.
கவுன்டரில் ஒருவர் நின்றிருந்தார்,
கக்கத்தில் எக்ஸ்ரே கவர்.
வெளியே ஆட்டோவில் ஒரு பெண்
தலையைக் கம்பியில் சாய்த்திருந்தாள்.
பையன் ஆணியைப் பார்த்துச் சொன்னான்,
ஒன்றுதான் இருக்கு, இருநூற்றி ஆறு.
முனிரத்தினம் என்னைப் பார்த்தார்.

வந்தவர் கூட்டவில்லை.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து
காற்றில் ஒரு குமிழைத் திருப்பிக் காட்டினார்:
அடுப்பு இருக்கா?
பையன் தலையாட்டியதும்
ஆட்டோவைப் பார்த்து அவர் மொழியில் ஏதோ சொன்னார்.
அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

என் பட்டியலில் பதினான்கு பத்திகள்.
கதவின் கைப்பிடிக்குக்கூட ஒன்று உண்டு.
அடுப்புக்கு இல்லை.

ராத்திரி அலுவலகத்துக்குத் திரும்பி
சாவியில் ஒரு பத்தி சேர்த்தேன்,
ஆம் அல்லது இல்லை மட்டும் கேட்கிற பத்தி.
இருவர் அறைக்கு நேரே ஒரே ஒரு டிக்.
கீழே வரிசை வரிசையாகப் பற்றிக்கொண்டது.

காலையில் அஸ்மத் போன் செய்தான்.
"அக்கா, ரூமு தொண்ணூத்தாறு.
அடுப்பு எப்படி நூத்தியெட்டு?"

கூட்டிப் பாரு,
ஒன்பதுதான் வருது என்றேன்.