நேர்ந்துவிட்ட கொடி

காலை ஐந்தரை. விஸ்கான்சின் பனித்துளி
இன்னும் இலையை விட்டு எழவில்லை.
வண்டுகளுக்கும் அந்நேரம் கைகால் ஓடாது.
சீஸ் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
தலைமுடி வலையைக்கூடக் கழற்றாமல் வருகிறாள்
ஆர்டிஸ் ஹௌகன்,
கையில் ஜாடி, ஜாடியில் பாதிக்குச் சோப்பு நீர்.

மஞ்சள் முதுகில் மூன்று கறுப்புக் கோடு.
தொட வந்தால் செத்ததுபோல் உதிரும்;
உதிரும் இடத்தில் ஜாடியைப் பிடிப்பதுதான் வித்தை.
நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.
ஆலையிலும் அவள் வேலை எண்ணுவதுதான்.

"மருந்தை அடி, ஒரே நாளில் தீரும்"
என்றான் பக்கத்து வீட்டு வெண்டெல்.
பூ விட்டாயிற்று, தேனீ வருகிறது என்றாள்.
ஜூன் முழுக்க வெள்ளைத் துணி போர்த்திக் காத்தவள்
முதல் பெண்பூவைக் கண்டதும்
தானே துணியை விலக்கினாள்.
தேனீக்குத் திறந்த கதவு
வண்டுக்கும் திறந்ததுதான்.

இது தெரிந்துதான் மூலையில்
ஒரு நீலப் பூசணி வைத்திருந்தாள்.
கசப்புக்கு அலைகிற சாதி இது.
பந்தி அங்கே நடக்கட்டும், வெள்ளரி பிழைக்கட்டும் என்று
நேர்ந்துவிட்ட கிடாபோல
அதைத் தன்பாட்டுக்கு விட்டிருந்தாள்;
களைகூடப் பிடுங்கவில்லை.

பந்திக்கு வந்தவை பந்தியோடு நிற்கவில்லை.

ஒரு மதியம் வெள்ளரிக் கொடி துவண்டது.
நீர் ஊற்றினாள். மாலையில் நிமிர்ந்தது.
மறுநாள் நிமிரவில்லை.
தண்டை அறுத்து, வெட்டுவாய் இரண்டையும் ஒட்டவைத்து
மெல்லப் பிரித்துப் பார்த்தாள்:
நடுவே ஒரு நூல், எச்சில்போல, அறாமல்.
வண்டின் வாய் கொண்டுவந்த நோய்.
பதினோரு கொடியையும் பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டினாள்.
கவுண்டிக் கண்காட்சி ஊறுகாய்ப் போட்டியில்
பெயரை அடித்துவிடுங்கள் என்று போன் செய்தாள்.
எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது, இரண்டு முறை.

மூலையில் அது மட்டும்.
இலையெல்லாம் சல்லடை. சல்லடை வழியே வெயில்.
மேலே உட்கார்ந்திருந்த வண்டுகளை
அன்றுதான் முதன்முதலாக
அதற்காகப் பொறுக்கினாள்.

அக்டோபரில் ஒரே காய்.
சாம்பல் நீலம், உடம்பெல்லாம் பரு,
பன்னிரண்டு கிலோ.
கத்தி இறங்கவில்லை, கோடரியும் வழுக்கியது.
வெண்டெலும் அவளுமாகத் தூக்கி
கார் நிற்கும் சிமெண்டுத் தரையில் போட்டார்கள்.
மூன்றாம் முறை உடைந்தது.
உள்ளே அப்படியொரு மஞ்சள்,
எங்கோ பார்த்த மஞ்சள்.

"கசக்குமோ?" என்றான்,
ஷூ நுனியால் ஒரு சில்லை ஒதுக்கியபடி.

ஆர்டிஸ் குந்தி உட்கார்ந்து
விதைகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.