பத்துப் பத்தாக

சிதம்பரம் சாலையில், சிப்காட் தாண்டி,
லாரிகளை நிறுக்கும் மேடைக்கு நான் ஆபரேட்டர்.
காலியாக வந்தால் காலி எடை,
ஏற்றி வந்தால் மொத்த எடை,
கழித்தால் சரக்கு.
பதினோரு வருடமாக அடுத்தவர் பாரத்தை
ரசீதாகக் கிழித்துக் கொடுக்கிறேன்.

என் பாரத்தை மார்ச் மாதம்
மஞ்சக்குப்பத்து டாக்டரம்மா எழுதினார்:
தொண்ணூற்று நான்கு புள்ளி இரண்டு.
முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"இந்த லோடுக்கு அச்சு தாங்காதும்மா" என்றார்.
என் வேலை தெரிந்து சொன்னாரோ என்னவோ.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊசி.
பேனா மாதிரி இருக்கும், எழுதாது.
ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும்.
முதல் தடவை தணிகாசலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
மகள்தான் பத்துவரை எண்ணினாள்.
ஏழிலேயே முடிந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை.
வளையலுக்கென்று கட்டிய சீட்டு
அந்தப் பேனாவுக்குள் போனது.

இரண்டு வாரம் புளித்த ஏப்பம்.
முதுநகரில் மீன் கூடை பஸ் ஏறினால்
கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.
பிறந்த ஊர் வாசனை எனக்கே ஆகவில்லை,
இதை யாரிடம் சொல்ல?

பிறகு ஒரு செவ்வாய், பதினொரு மணி.
டீக்காரர் மசால் வடை நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
சொன்ன பிறகுதான் கவனித்தேன்:
உள்ளே ஓயாமல் ஓடிய ஜெனரேட்டர்
நின்றுபோயிருந்தது.
அப்படி ஒன்று ஓடியதே
நின்றபோதுதான் தெரிந்தது.
நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று
அக்கா, மாமியார், எல்லாரையும்விட அதிகமாக நான்,
இத்தனை வருடம் திட்டியது
யாரை?

இப்போது ஐந்தேகாலுக்குத் தேவனாம்பட்டினம்.
உலர்ந்த மணலில் நடந்தால் முட்டி முறைக்கும்,
அலை நனைத்த ஓரத்தில் பொறுத்துக்கொள்ளும்.
அவித்த முட்டை இரண்டு. சுண்டல்.
தண்ணீர் பாட்டிலில் மகள் போட்ட மணிக்கோடுகள்.
தட்டில் முதலில் கீரை, மீன்; சோறு கடைசியில்.
சில நாள் ஒன்றும் செய்வதில்லை.
மழை என்பேன்.
மழை இருக்காது.

நஷ்டத்தையும் எழுத வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்கு.
எண்ணெய் பிரியும்போது முன்பெல்லாம்
எனக்குள் தேர் கிளம்பும்.
இப்போது அது நல்ல தொக்கு, அவ்வளவுதான்.
அதற்காக ஒரு நாள்
குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
சீப்பில் முடி வருகிறது.
தெருவில் "சுகர் வந்துடுச்சா?" என்கிறார்கள்.
தையல்கார ஜரினா மட்டும்
ஊசியைப் பல்லில் கடித்தபடி
"இன்னும் ஒரு இஞ்ச் பிடிக்கலாம்க்கா" என்றாள்.

எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
மார்ச்சில், வண்டி இல்லாத நேரம் ஏறி நின்றேன்:
தொண்ணூறு.
வீட்டு மெஷின் தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு,
எண்பத்தாறு என்று இறங்க இறங்க
இது தொண்ணூறு, தொண்ணூறு என்றே நின்றது.
அறுபது டன் சுமப்பவனுக்கு
என் எட்டு கிலோ தூசி.
கோபம் வரவில்லை என்றால் பொய்.

ஆகஸ்டில் ஒரு காலை
சிவப்பு எண்கள் துள்ளி நின்றன:
எண்பது.
ஜல்லி லாரியிலிருந்து இருசப்பன் எட்டிப் பார்த்து
"என்னக்கா, நீயே சரக்கா? ரசீது போடு" என்றான்.
காலி எடையா, மொத்த எடையா?
எந்தக் கட்டத்தில் அடிப்பது என்று
சத்தியமாகத் தெரியவில்லை.

ஊசியை நிறுத்தினால் ஜெனரேட்டர் திரும்ப ஓடுமா என்று
டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.
ஓடலாம் என்றார், மறைக்காமல்.
நடப்பதை மட்டும் விட்டுவிடாதீங்க என்றார்.

இருசப்பன் ஹாரன் அடித்தான்.
பின்னால் இன்னும் நாலு வண்டி.
இறங்கினேன்.
பூஜ்யத்துக்குத் திரும்ப
பலகை ஒரு விநாடி எடுத்துக்கொண்டது.