ஒன்பதில் நாலு

நாலாயிரம் குரோனர் என்றான் ஓட்வார்.
சுரங்கம் மூடியாயிற்று, வெள்ளிக்கிழமை விமானத்தில் போகிறான்.
ஸ்வால்பார்டை விட்டுப் போகிறவர்கள்
எல்லாவற்றையும் விற்றுத்தான் போவார்கள்:
பனிவண்டி, மெத்தை, காபிச் சட்டி, கடைசியில் துப்பாக்கி.

சாப்பாட்டு மேசையில், ரொட்டித் துகள்களுக்கு நடுவே,
பழைய மௌசரைக் கிடத்தினான்
வயிற்றுவலிக்காரனைக் கிடத்துவதுபோல.

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு நான் காசு கொடுக்கிறேன்.
முனையை மலைப்பக்கச் சுவருக்குத் திருப்பினேன்.
போல்ட்டை இழுத்துப் பார்த்தேன்: காலி.
சுண்டுவிரலை விட்டுத் துழாவினேன்: காலிதான்.

குழலின் மேல் ஒரு கழுகு இருந்த இடம்.
யாரோ அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்;
இறக்கை போய்விட்டது, நகங்கள் மிச்சம்.
எந்தப் போரில், எவனை, என்று நான் கேட்கவில்லை.
'கரடிக்கென்று வாங்கினேன்,' என்றான் ஓட்வார்,
'ஒன்றையும் சுட்டதில்லை.'
பெருமையா வருத்தமா, குரலில் பிடிபடவில்லை.

குழலுக்குள் விளக்கடித்தேன்.
சங்கின் உள்பக்கம் மாதிரி சுழன்று ஓடும் வரிகள்;
தொண்டையருகே அம்மைத் தழும்பாய் நாலைந்து குழி.
பரவாயில்லை. நோய் தீர்ந்த முகம், அதோடு வாழலாம்.
வாய்விளிம்பில் அடிபட்ட வடு இல்லை.
எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலர்ந்திருந்தது, அதுவும் நல்லது;
இந்தக் குளிரில் எண்ணெய் கூழாகிவிடும்,
ஊசி பாதி வழியில் தூங்கிப் போகும்.

பிறகு எண்கள்.
உடம்பில் 4471. போல்ட்டில் 4471.
போல்ட்டின் வாலில், பாதுகாப்பு நெம்பில் மட்டும் 902.
'யாருடைய பல்லையோ கட்டிக்கொண்டிருக்கிறது,' என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

நெம்பைப் பூட்டி விசையை இழுத்தேன். அசையவில்லை.
விரலை எடுத்தேன்.
விசையை யாரும் தொடவில்லை, நெம்பை மட்டும் திறந்தேன்.

டிக்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

'இன்னொரு தரம்,' என்றான் ஓட்வார்.
பூட்டு, இழு, விடு, திற. ஒன்றுமில்லை.
'பார்த்தாயா, ராக்னில்...'
இன்னொரு தரம். டிக்.

ஒன்பது தரம் செய்தோம். அதில் நாலு தரம் விழுந்தது.
ஒன்பதுக்கு ஒன்பது விழுந்தால் அது பழுது,
எவனும் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான்.
ஒன்பதில் நாலு என்பது குணம்.

நான் மழலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன்.
மஞ்சள் மேல்சட்டையில் பதினோரு குழந்தைகள்
ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.
தூவாவுக்கு என் கையுறை வேண்டும்,
எம்ரிக் நின்று நின்று பனியைத் தின்பான்.
கரடி வருமோ வராதோ,
என் முதுகில் தொங்குவது
என்றைக்கும் அவர்கள் தலை உயரத்தில்தான் இருக்கும்.

ஓட்வார் உட்கார்ந்துவிட்டான்.
பதினாலு வருடமாகக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.
அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் கட்டில்.
'வாசலிலேயே தோட்டாவை எடுத்துவிடுவேன்,' என்றான்.
'குடித்திருந்தாலும் எடுத்துவிடுவேன்.'
இரண்டு தரம் சொன்னான்,
இரண்டாவது தரம் எனக்காகச் சொல்லவில்லை.

மூவாயிரத்துக்குத் தருகிறேன் என்று
அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி கிழித்து,
பேனாவால் 'பொய் சொல்லும்' என்று எழுதி
நெம்பின் மேல் ஒட்டினான்.
பிறகு போல்ட்டை உருவி ஒரு காலுறைக்குள் போட்டான்,
துப்பாக்கி வேறு, அது வேறாக.

காபிச் சட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன். நூறு குரோனர்.
மூடி கொஞ்சம் ஆடுகிறது.

திங்கட்கிழமை வாடகைக் கடையில்
பையன் ஒரு ரைஃபிளை நீட்டினான்.
'எல்லாம் சரிபார்த்ததுதான் அக்கா.'
எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.
முனையை மணல் வாளிக்குத் திருப்பி
நெம்பைப் பூட்டினேன்,
ஒன்று என்றேன், சத்தமாக.