காங்கேசன்துறை, ஒன்றேகால் லீற்றர்

புதிய நிலையம் இருநூறு மீற்றர் தள்ளி.
அதற்கு நீலக் கூரை, சிமெந்து வாங்கு, மூன்று மொழியில் பெயர்.
பழையதைத் திணைக்களம்
எங்கள் பால் சங்கத்துக்கு எழுதித் தந்தது.
குத்தகை ஐந்து வருடம்.
சுவரை இடிக்கக்கூடாது, ஆலை வெட்டலாம்.

வெட்டினோம். இரண்டு கிழமை எடுத்தது.
டிக்கெற் அறைக்குள் இறங்கிய வேர்
ஸ்டேசன் மாஸ்டரின் கதிரை இருந்த இடத்தில்
சம்மணம் கொட்டி இருந்தது.

கூரைக்குத் தகரம், தரைக்குச் சீமெந்து.
பிளாற்போம் மட்டும் ஒரு திருத்தமும் கேட்கவில்லை.
கன்டர் பின்பக்கமாக வந்து நின்றால்
அதன் தட்டும் எங்கள் தரையும் ஒரே மட்டம்.
நாற்பது லீற்றர்க் கானை உருட்டிவிடலாம்.
எந்த வெள்ளைக்காரன்
எவருடைய முழங்காலை நினைத்துக் கட்டினானோ,
என் நாரி தப்பியது.

அலுமாரி பிறகுதான் வந்தது.
சைக்கிள் கடை மரியநாயகம்
லாண்ட்மாஸ்டரில் கொண்டுவந்து இறக்கினார்.
"இது உங்கடை. தொண்ணூறிலை கழட்டினது.
நட்டு, வால்வ் கட்டை, குண்டு எல்லாம்
இதுக்குள்ளைதான் போட்டு வைச்சனான்.
ஓடேக்கை எல்லாத்தையும் காவினம்,
இதை விட்டிட்டுப் போனம்.
அதாலைதான் இது இருக்கு."

கிரீஸைத் துடைக்கத் துடைக்க
ஒவ்வொரு குழியின் கீழும் வெள்ளைப் பெயின்றில் ஓர் ஊர்.
பளை. கொடிகாமம். மதவாச்சி. மாகோ.
பொல்காவலை. கொழும்பு கோட்டை.
ஐம்பத்திரண்டு ஊர், எங்கள் ஊர் இல்லை.
தேடிக் களைத்த பிறகுதான் உறைத்தது:
தன் ஊருக்குத் தானே சீட்டு விற்கிற நிலையம்
எங்கே இருக்கிறது?

பால் அட்டையை இரண்டாக மடித்தால் குழிக்குள் கொள்ளும்.
நம்பர் போடத்தான் நினைத்தேன்.
சனம் விடவில்லை. மூன்றாம் நாளே
"பொல்காவலையின்ரை பாலிலை தண்ணி" என்று சண்டை.
"மதவாச்சியின்ரை மாடு சினையாம்."
"கோட்டை இன்னும் எழும்பேல்லைப் போலை."
கோட்டை என்றால் தவலட்சுமி.
வவுனியா ஆஸ்பத்திரிக்கு அங்காலை ஓர் ஊரும் தெரியாது.

நாவலப்பிட்டியைச் செல்லமுத்து
கேட்டு வாங்கினார். எழுபத்தேழில்
அந்தப் பக்கத்திலிருந்து அடிவாங்கி வந்தவர்.
"திரும்பிப் போற யோசனையெல்லாம் இல்ல தாயி.
சும்மா, நம்ம பேருல இருக்கட்டும்."

சிவஞானவதி மாசியில்தான் சேர்ந்தா.
அவவின் பசு பிந்திக் கன்று போட்டது.
மிச்சம் ஐந்து குழி, விருப்பமானதை எடுங்கோ என்றேன்.
குனிந்து, அடிவரிசையில் விரலால் வாசித்துக்கொண்டு போனா.
"காங்கேசன்துறை ஆருக்கும் குடுத்திட்டியளே?"

இல்லை. அது கறையான் தின்ற மூலை,
அட்டை நிற்காது, விழும் என்றேன்.

"விழட்டும்."

விண்ணப்பப் படிவத்தைப் பிறகு பார்த்தேன்.
நிரந்தர முகவரி: ஒழுங்கை, வீட்டு இலக்கம்,
கிணற்றடிப் பக்கம் என்றுகூட எழுதியிருந்தா,
யாரோ நாளைக்கே தேடிப் போவதுபோல.
முள்ளுக்கம்பிக்கு உள்ளே எந்த ஆமிக்காரன்
அந்தக் கிணற்றில் குளிக்கிறானோ தெரியாது.
தற்காலிக முகவரி: இந்த ஊர்.
எவ்வளவு காலமாக: இருபத்தெட்டு வருடம்.

முதல் நாள் அட்டை இரண்டு தரம் விழுந்தது.
மரியநாயகத்திடம் சைக்கிள் ரியூப் துண்டொன்று வாங்கி
ஓட்டையை அடைத்தேன்.

விடியப்புறம் மெயில் இங்கே நிற்பதில்லை.
வெளிச்சத்தில் வாளிகளோடு வரிசையைக் கண்டு
நிலையம் என்று நினைத்து
பெட்டி வாசலில் ஒருவன் சூட்கேசோடு எழும்பி நிற்பான்.
அதற்குள் நாங்கள் பின்னால் போய்விடுவோம்.

வண்டி வடக்கே, கடல்வரைக்கும் போகிறது.
சிவஞானவதி தலை நிமிர்த்தவில்லை.
குழாய்க்குள் லாக்டோமீற்றர் ஆடி ஆடி
எத்தனையில் நிற்கப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தா.

"காங்கேசன்துறை வந்திட்டுதே?"
கன்டர்க்காரன் கையெழுத்துக்கு அவசரப்படுகிறான்.

வந்துவிட்டது.
ஒன்றேகால் லீற்றர்.
கொழுப்பு நாலு தசம் இரண்டு.