நாற்பத்திரண்டு சைஸ் சட்டை

"பனியன் சட்டை சரிப்படாது" என்றார் ஜெபமணி சிஸ்டர்,
"முன்பக்கம் பட்டன் இருக்கணும்."
சிம்மக்கல் கடையில் பரோட்டாக் கல்லை விட்டுவிட்டு
மாவு கையோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவந்தவனிடம்
வேறென்ன சட்டை இருக்கும்.

மாடிப்படி வளைவில் நின்ற ஒருத்தர்
மஞ்சள்பையிலிருந்து கட்டம்போட்ட ஒன்றை உருவினார்.
நாற்பத்திரண்டு சைஸ். வெயிலில் காய்ந்த மொடமொடப்பு.
"பொதுச்சட்டை. மூணு இருக்கு.
வீட்டுக்குப் போறப்ப துவைச்சுக் குடுத்துட்டுப் போங்க.
முதல்ல கை கழுவுங்க. முழங்கை வரைக்கும்."
ஒச்சப்பன் என்று பெயர். உசிலம்பட்டிப் பக்கம்
டிராக்டர் ஓட்டுகிறவர்.

என் மகள் ஆயிரத்து இருநூற்றெண்பது கிராம்.
எனக்குத் தெரிந்த ஒரே கணக்கில்
பதினாறு பரோட்டாவுக்கான மாவு.
உருட்டி, எண்ணெய் தடவி, துணி மூடி வைப்போமே
அப்படித்தான் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள்.
இதை வேணியிடம் சொல்லவில்லை.
அவள் கீழே வேறு வார்டில்
தையல் பிரிந்து காய்ச்சலில் கிடந்தாள்.

சட்டையைத் திறந்துபோட்டு உட்கார்ந்தேன்.
பதினெட்டு வருஷம் அனலுக்கு முன்னால் நின்ற மார்பு.
எண்ணெய் தெறித்த புள்ளிகள்.
கூச்சமாக இருந்தது.
"நல்லா சூடா இருக்கே, இதான் வேணும்"
என்று சொல்லி
வைத்தார்.

எடையே இல்லை.
பிழிந்து போட்ட கைக்குட்டை.
கோரிப்பாளையம் சிக்னலில் எவனோ ஹாரனை
அழுத்திக்கொண்டே இருந்தான்.
நடுவில் ஒருதரம் அவள் மூச்சு விட மறந்தாள்.
நானும்.
"உள்ளங்கால்ல சுண்டுங்க" என்றார் சிஸ்டர்.
சுண்டினேன்.
ஏதோ ஞாபகம் வந்ததுபோல விட்டாள்.

புதன்கிழமை நாலு மணிக்கு அப்பாக்கள் கூட்டம்
என்று சுவரில் ஒட்டியிருந்தது.
கூட்டமென்றால் மைக் இருக்குமென்று நினைத்தேன்.
ஆறு நாற்காலி. தலை கழன்ற ஒரு ரப்பர் பொம்மை.
ரொம்ப நேரம் எல்லோரும் போனையே நோண்டினோம்.
மீரா உசேன்தான் ஆரம்பித்தார்:
"எனக்குத் தூக்கவே பயமாருக்குங்க."
கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்.
ஒரு கையில் ஆறு நாற்காலி தூக்குவார்.

அப்புறம் மடை திறந்துகொண்டது.
காப்பீட்டு அட்டைக்கு எந்த ஜன்னல்,
முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்,
பொம்பளைப்பிள்ளையா என்று இழுக்கும் மாமியாருக்கு என்ன பதில்,
அழுகை வந்தால்
வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு வேம்பு,
அங்கிட்டு யாரும் வரமாட்டார்கள்.
இதைச் சொன்னவரை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சட்டையின் உள்பக்கம்
சலவைக்காரர் மையில் எண்கள்.
வீடு போகும் நாளில் பிள்ளையின் எடையை எழுதுவது வழக்கமாம்.
1850. 1790. 2010.
கீழிருந்து படித்துக்கொண்டே போனேன்,
காலருக்கு அடியில் முதல் எண் 940.

"இவ்வளவு கம்மியிலயா அனுப்புனாங்க?"

ஒச்சப்பன் மஞ்சள்பையை மடித்துக்கொண்டிருந்தார்.
"அனுப்பல" என்றார்.
"சட்டை என்னுது."

அது ஆனி மாதம் நடந்தது. இப்போது தை.
புதன்தோறும் பஸ்ஸேறி
ஆரப்பாளையத்தில் இறங்கி வருகிறார்.
ஏனென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
டீ வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல் குடித்தார்.

நாற்பத்தோராம் நாள் 1820.
பேனாவோடு இடம் தேடினேன்.
வரிசை நிறைந்து வயிற்றுப் பக்கம் வந்திருந்தது.
"மேல எழுதுங்க" என்றார்,
"அதுக்குப் பக்கத்துல இடம் கிடக்கு."

முனிச்சாலையில்
எங்கள் காம்பவுண்டுக் குழாயடியில்
ராத்திரி பதினோரு மணிக்குச் சட்டையை அலசினேன்.
காலருக்கடியில் மட்டும் சோப்புப் போடாமல்
கையால் தண்ணீர் அள்ளி விட்டேன்.
மை கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது.

உள்ளே அவள் சிணுங்குகிறாள்.
கை ஈரம்.
துடைத்துக்கொண்டு போகணும்.