இருபத்து மூன்றாம் துளை

சங்ககிரிக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் குவாரி.
முப்பது மீட்டருக்கு ஒன்றாக நாற்பத்தொரு துளை,
துளைக்கு ஒரு பை கல்மாவு, பைக்கு ஒரு எண்.
அவற்றை வைத்து, யாரும் தொடாத கல்லின் தரத்தை
நான் சொல்ல வேண்டும்
திங்கட்கிழமை லாரிகள் வருமுன்.

பக்கத்துத் துளைக்கு அதிகம் காது கொடு.
தள்ளியிருப்பதற்குக் கொஞ்சமாக.
நூற்றிருபது மீட்டர் தாண்டியதைக் கேட்காதே.
ஒரே மூலையில் கும்பலாய் நிற்கும் மூன்றை
ஒரு வாயாக எண்ணு.
என் தொழிலின் சட்டம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

சட்டத்துக்குள் ஒரு விரிசல் உண்டு.
ஒரே பையை இரண்டாய்ப் பிரித்து அனுப்பினாலும்
ஆய்வகம் ஒன்றை நாற்பத்து மூன்று என்கும்,
மற்றதை நாற்பத்து மூன்றரை.
கல் தன்னோடு தானே ஒத்துப்போவதில்லை.
வேரியோகிராமின் கோடு சுழியத்தில் தொடங்காமல்
சற்று மேலேயிருந்து கிளம்புவது அதனால்தான்.

இங்கே காட்டுக்காரர்களுக்கு இதைப் பாடமாக
யாரும் நடத்த வேண்டியதில்லை.
எண்ணூறு அடியில் புழுதி மட்டும் கக்கிய போரும்
தம்பி பாகத்தில்
முந்நூறில் பீய்ச்சிய போரும்
ஒரு கிளுவை வேலிக்கு
இக்கட்டயும் அக்கட்டயும் நிற்கின்றன.

அதனால்தான் இருபத்திரண்டும் இருபத்து மூன்றும்
ராத்திரி என்னை நிறுத்தின.
44.31.
44.29.
சிலிக்காவும் அப்படியே. மக்னீசியாவும்.
முப்பது மீட்டர் தள்ளி நின்றுகொண்டு
இத்தனை ஒற்றுமை கல்லுக்கு வராது.
மனுசக் கைக்குத்தான் வரும்.

துளை போடும் பொங்கியண்ணனைக் கேட்டேன்.
"பிட்டு சிக்கிக்கிச்சுங்க மேடம்."
கம்ப்ரசர் குழாயைச் சுருட்டிக்கொண்டே,
என்னைப் பாராமல்,
"ரெண்டும் ஒரே பாறைதானுங்களே."

விடிந்ததும் மேலே ஏறிப் போனேன்.
சிவப்புத் துணி கட்டிய குச்சி இருந்தது, துளை இல்லை.
குச்சிக்கு அரை முழம் தள்ளி
சரளையின் நிறத்தில், சரளையின் புள்ளிகளோடு
நான்கு முட்டைகள்.
தலைக்கு மேலே ஆக்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தியது.
ஆள் காட்டத்தான்
நானும் வந்திருந்தேன்.

கீழே வந்து அந்த வரியை அழித்தேன்.
இருந்திருந்தால் வரைபடம் இன்னும் அழகு.
இப்போது அந்த இடத்துக்காகச்
சுற்றியுள்ள எட்டுத் துளைகள் பேசுகின்றன:
43.8. கூட்டவோ குறைக்கவோ ஒன்றரை.
கிரஷருக்குப் போகும் தரம் நாற்பத்து நான்கு.
நல்ல கல்லா, கழிவு மேடா?
தெரியாது.
தெரியாததை இத்தனை என்று அளந்து எழுதுவதற்குத்தான்
ஐந்து வருடம் படித்தேன்.

மேலாளர் தெய்வசிகாமணி தாளைத் திருப்பிப் பார்த்தார்.
மாதிரி ஒன்று குறைகிறதே?
காரணம் என்ற கட்டத்தைச் சுட்டினேன்.
பிட்டு சிக்கியது.

நாற்பது எண்களும் உண்மை.
அந்த ஒரு வரி மட்டும்
பொங்கியண்ணனின் இருபத்திரண்டாம் பையிலிருந்து
நான் அள்ளிப் போட்டது.